நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது

க்தினியா துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்
மூடுபனியில் கழுத்து மட்டும் தெரிய நிற்கின்றன.
நான்காம் மாடியில் யாத்விகா ஓர்லிக்
பதினோராம் வரைவைத் திறக்கிறாள்.
மருந்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை,
ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும்தான்.
கட்டுரைக்கோ ஆறு ஆசிரியர்கள்.
ஒருவர் மட்டும் இதுவரை
ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்.
அவள் பெயர் கடைசியில், நன்றிப் பத்தியில்,
'மொழி உதவி' என்று வரும்.
அதில் அவளுக்கு வருத்தமில்லை.
கூலி ஒழுங்காக வருகிறது.

வருத்தம் ஒரே ஒரு வாக்கியத்தில்:
"மருந்து நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது."

எவரால்?

தமிழில் இதைச் சொல்லும் எனக்கு ஒரு வசதி.
செயப்பாட்டு வினையின் வாலில்
'படு' என்றொரு சொல்லைத் தைத்து வைத்திருக்கிறோம்.
எவ்வளவு மழுப்பினாலும்
பட்டவர் ஒருவர் அங்கே எட்டிப் பார்ப்பார்.
யாத்விகா எழுதும் ஆங்கிலத்துக்கு அந்த வால் இல்லை.
செய்தவரும் பட்டவரும் வெளியே நிற்க
வாக்கியம் தானே நடந்து போய்விடும்.

பட்டவர், பங்கேற்பாளர் 0932.
ஆண், வயது அறுபத்தொன்று.
நாற்பத்து மூன்றாம் நாள், பின்னிரவு மூன்று பத்து.
எழுந்தார். தலை சுற்றியது. விழுந்தார்.
இடுப்பெலும்பு.
கட்டத்துக்கு வெளியே செவிலி ஒருத்தி கிறுக்கியிருந்தாள்:
கப்பல்தளத்தில் பற்றவைத்தவர்,
நாய் கதவைப் பிறாண்டியதால் எழுந்தாராம்.

யாத்விகா கப்பல்தளத்தை எடுத்தாள்.
நாயையும் எடுத்தாள், எடுக்கத்தான் வேண்டும்,
இந்த ஊரில் நாயை வைத்தே
ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.
மூன்று பத்தை மட்டும் விட்டுவைத்தாள்.
இரவு மாத்திரை இரத்தத்தில் உச்சம் தொடும் நேரம் அது.

மருந்துக் குழுவில் ஏழு பேர் விழுந்தார்கள்.
வெற்று மாத்திரைக் குழுவில் இருவர்.
ஓரத்தில் நிறுவனத்தின் குறிப்பு,
பணிவாக, ஒரு புன்னகைக் குறியோடு:
"எண்கள் சிறியவை. பின்னிணைப்புக்குப் போகட்டுமே?"

பொய் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.
இந்தத் தொழிலில் பொய் தேவைப்படுவதே இல்லை,
இடம் மாற்றினால் போதும்.
உண்மை தொண்ணூறாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில்
ஒரு குறையுமின்றிக் குடியிருக்கும்.

'ஆபத்தானது' என்று ஒருமுறை தட்டச்சு செய்தாள்.
அழித்தாள்.
அந்தச் சொல்லைத் தூக்க ஏழு பேர் காணாது.
நல்ல மருந்துதான் இது.
கைநடுக்கம் தணிந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.
ஆறு வருடம் கழித்து ஒருத்தி
ஊசியில் நூல் கோத்தாளாம்.
அதை எழுதவும் கட்டமில்லை.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
சுருக்கத்தின் நான்காம் வரியில் எழுதினாள்:
"ஏழு பேர் விழுந்தனர், ஒப்பீட்டுக் குழுவில் இருவர்.
அந்த ஏழில் ஐவர், இரவில் படுக்கையிலிருந்து எழும்போது."
சொல் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது.
'புதுமையான' என்பதை வெட்டினாள்.
'நம்பிக்கையூட்டும்' என்பதையும்.
இன்னும் ஒரு சொல் மிஞ்சியது.
'நன்கு' போயிற்று.
அது போனதும் வாக்கியத்துக்கு நிற்கக் காலில்லை,
முழுவதையும் எடுத்துவிட்டாள்.

குறிப்புக்குப் பதில்:
"இது இங்கேயே இருக்கட்டும். எடுப்பதானால்
நன்றிப் பத்தியிலிருந்து என்னையும் எடுத்துவிடுங்கள்."
பணயம் வைக்க அவளிடம் இருந்தது அவ்வளவுதான்,
யாரும் படிக்காத பத்தியில் ஒரு பெயர்.
அனுப்பும் முன் தேநீர் ஆறிவிட்டது.
அனுப்பினாள்.

நாளை பன்னிரண்டாம் வரைவு வரும்.
அல்லது வேறு யாருக்காவது போகும்.

கால் மரத்திருந்தது.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
மெதுவாக எழுந்தாள்.